அம்புத்தலை எந்தப் பக்கம்

நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் துறையின் சீனியர் சார் ‘மெட்டீரியல்’ என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு தயாரித்திருந்தார். பாடப்புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். அதை விழுங்கிவிட்டுப் பரீட்சைத் தாளில் வாந்தியெடுத்தால் முழு மதிப்பெண். 

அதில் வெக்டர் கழித்தல் படம் தப்பு. A-யிலிருந்து B-யைக் கழிக்க, B-யைத் திருப்பிப்போட்டு A-யோடு கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே புள்ளியில் தொடங்கினால், விடையின் அம்பு B-யின் முனையில் கிளம்பி A-யின் முனையில் முடியும். மெட்டீரியலில் அம்புத்தலை B-யின் பக்கம் கிடந்தது. பதினொன்றாம் வகுப்பே அப்படி வரைந்து மதிப்பெண் வாங்கியது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி மட்டும் சரியாக வரைந்தாள். அவளுக்குச் சார் போட்டது பூஜ்யம். அந்த ஒரு கேள்வியின் மதிப்பெண் போனதில்தான் ஃபெயில். மறுதேர்விலும் ஃபெயிலானால் காமர்ஸுக்கு மாற்றிவிடுவார்கள். இன்ஜினியரிங் ஆசை அத்தோடு சரி.

அவள் விடைத்தாளோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். சார் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

“நீளம் சரியாட்டுதானே இருக்கு டீச்சரே? தல எந்தப் பக்கம் இருந்தா என்ன?”

“அப்போ இவளுக்கும் மார்க் போடுங்க.”

“அது பற்றாது, போட முடியாது. ஆன்ஸர் கீயில உள்ளதுபோல இல்லியே.”

“கீரிப்பாறை பஸ்ஸ எதிர்ப்பக்கம் மணவாளக்குறிச்சிக்கு விட்டாலும் ஓடத்தான் செய்யும் சார். பிள்ள வீடு போய்ச் சேருமா?”

அவர் சிரித்துவிட்டு எண்ணெய்க் கையாலேயே விடைத்தாளை என் பக்கம் தள்ளினார். படத்தின் மேல் கறை பரவியது. தலைமை ஆசிரியரிடம் போனேன். “சீனியர் சாருக்குத் தெரியாததா?” என்று அவர் ஃபேனைப் பார்த்தார். திசையே இல்லாவிட்டால் வெக்டர் எதற்கு? இந்த மனிதர்கள்தான் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறார்கள் என்று நினைக்க அருவருப்பாக இருந்தது.

மறுதேர்வில் கண்காணிப்பு எனக்குத்தான். அவள் முதலில் சரியாக வரைந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அழிப்பானை எடுத்து அம்புத்தலையை அழித்து மறுமுனையில் போட்டாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

“தப்புன்னு தெரிஞ்சுதானா மக்கா வரஞ்ச?”

“தெரியும் டீச்சரே. எனக்குப் பாஸாவணும்லா.”

பாஸானாள். சார் அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

“இப்பத்தான் உனக்கு வெக்டர் புரிஞ்சிருக்கு,” என்றார்.

“ஆமா சார்,” என்றாள்.