எல்லாருக்கும் ஒரே வரிசை

அன்னூருக்கு வடக்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். 1950களின் கடைசி. ஒரே டாக்டர். வருகிறவர்களுக்கு நம்பர் போட்ட சீட்டுக் கொடுத்து, வரிசைப்படி உள்ளே அனுப்புவதும் என் வேலை. அதில் எனக்கொரு கர்வம் இருந்தது. பஞ்சு மில் முதலாளி காரில் வந்து இறங்கினாலும், "சீட்டு வாங்கிட்டு உக்காருங்க" என்பேன். பருத்திக்காட்டில் கூலிக்குப் போகிறவளுக்கும் அவருக்கும் ஒரே நியாயம். ஊரில் வேறெங்கும் இல்லாத நியாயம் என் மேசைமேல் இருப்பதாக நம்பினேன்.

ஒரு சித்திரையில் ஊரெல்லாம் வாந்திபேதி. கூலிக்காரப் பெண் ஒருத்தி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மைல் நடந்து வந்தாள். அவளுக்கு முன்னால் நாற்பது பேர் இருப்பார்கள்.

"ஏனுங்க, கொழந்தை கண்ணே முழிக்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் முன்னால உடுங்க."

"இங்க எல்லாருக்குமே அப்படித்தாம்மா. உன்னைய உட்டா எல்லாரும் கேப்பாங்க."

அவள் சண்டை போடவில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள். நான் குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் முறை வருவதற்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது.

"நீங்க என்ன செய்வீங்க, சட்டம்னா சட்டந்தானுங்க" என்றார் டாக்டர். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் ஓட்டினேன்.

அதற்கப்புறம் என் மகளுக்கே வாந்திபேதி கண்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன். சீட்டு, வரிசை எதுவும் நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. மாமியாருக்கு மருந்து வாங்க வந்திருந்த அந்தக் கூலிக்காரப் பெண்தான் கூட்டத்தை விலக்கிவிட்டாள்.

"நவுருங்க, நவுருங்க! கொழந்தைக்கு மேலுக்கு ஆகாம இருக்குது. நீங்க உள்ள போங்க சாமி."

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

மகள் பிழைத்துக்கொண்டாள். மறுவாரம் மறுபடியும் அதே மேசை. வரிசையை எடுத்துவிட்டால் வலுத்தவன்தான் முதலில் நுழைவான், தெரியும். முகம் பார்த்து, முடியாதவர்களை முன்னால் விடலாமென்றால், பார்க்கிற கண் என்னுடையது. ஊரான் பிள்ளை சாகக் கிடந்தபோது அந்தக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லையே.

மாற்றல் கேட்டுக் கொடுமுடிக்குப் போய்விட்டேன். அங்கேயும் அதே வேலைதான். உலகத்துக்கெல்லாம் பொதுவான நியாயம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். உண்டு என்று சொல்ல எனக்கு வாயில்லை. இல்லையென்று சொல்லவும் பயம்.