அப்பா கொண்டுவந்த மைனா ஜோடி

நைரோபியில் சரக்கு விமான அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த அப்பா, எனக்குப் பதினொரு வயதானபோது விடுமுறையில் இந்தியத் தலைநகரில், துவாரகாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் சட்டம் போட்ட பெரிய போட்டோ ஒன்று இருந்தது. நம் ஊர் மைனாவுக்குத் தூரத்துச் சொந்தமான இரண்டு ஆப்பிரிக்கப் பறவைகள். நீல முதுகும் ஆரஞ்சு வயிறுமாகப் பட்டுப்புடவை போல மின்னின. அவரே எடுத்த படம். ஆணும் பெண்ணும் என்று அவரே முடிவு செய்து, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். நர்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு அதுதான் கல்யாண நாள் பரிசு.

நான் அந்த வாரம் முழுவதும் படத்தின் முன்னாலேயே நின்றேன். ஒன்றுக்கு வெள்ளைக் கண். மார்பின் நீலத்துக்கும் வயிற்றின் ஆரஞ்சுக்கும் நடுவே வெள்ளைக் கோடு. மற்றதற்குச் சிவந்த கண், கோடே இல்லை. இந்தப் பறவைகளில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று பள்ளி நூலகத்தில் வேறு படித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தமிழ்க் குடும்பங்கள் டீ குடிக்க வந்தன. அப்பா, "இது மாப்பிள்ளை, இது பொண்ணு" என்று அறிமுகம் செய்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"அப்பா, இது ஜோடியே இல்ல. ரெண்டும் வேற வேற இனம், பக்கா."

ஜனக்புரியிலிருந்து வந்திருந்த மாமா டீயைச் சிந்தினார். "அரே, கல்யாணமே செல்லாதுன்னுட்டாளே!"

"என்னட்டி சொல்லுத?" என்றார் அப்பா. முகம் சுருங்கிவிட்டது. நான் கண்ணையும் கோட்டையும் தொட்டுக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பரிசைப் பாழாக்கிவிட்டோமே என்று நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"எம் மவ சொல்லுததுதான் சரி" என்றார் கடைசியில்.

அன்றோடு மாப்பிள்ளை கதை போய், வருகிறவர்களுக்கெல்லாம் பரீட்சை வந்தது. "ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்!" அவர்கள் விழிக்கும்போது என்னைக் கூப்பிடுவார். நான் சொல்லச் சொல்ல அவர் நெஞ்சு நிமிரும். எனக்கும் பெருமையில் தலைகால் புரியாது.

அத்தனை பார்த்த என் கண்ணில் ஒன்று மட்டும் பல வருடம் படவில்லை. படத்தின் ஓரத்தில், பறவைகளுக்குப் பக்கத்திலேயே, பாதிச் சப்பாத்தியோடு ஒரு டிபன் டப்பா திறந்திருந்தது. இரண்டு இனமும் கூச்சமில்லாமல் வந்து பங்கு கேட்கும் அளவுக்கு, அப்பா அங்கே தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அம்மா முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். ஜோடி இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் படத்தைக் கழற்றவில்லை. துடைக்கும்போது துணி அந்த மூலையில்தான் அதிக நேரம் நிற்கும். அங்கே அழுக்கே இல்லையே அம்மா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.