ரதி அழும் இடத்தில்

கைப்பேசியில் பாட்டு ஏற்றித்தரும் அட்டன் நகரக் கடையொன்றில்தான் அவரைக் கண்டேன். டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் காமன்கூத்துப் பாடுகிறவர். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கோட்டு. கடையில் ஓடிய ஒவ்வொரு பாட்டையும் இடது காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

அடுத்து வந்தது, எரிந்துபோன காமனுக்காக ரதி அழும் பாட்டு. அவருடைய கை காதிலிருந்து இறங்கியது.

“இது என் கொரலுங்க.”

கூத்தன்று யாரோ பதிவுசெய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அழுகை உச்சத்துக்கு ஏறிய இடத்தில், பதிவுக்குள்ளேயே, கடைக்காரரின் குரல் குறுக்கே புகுந்து கடைப் பெயரைச் சொன்னது.

“நெட்டுல கெடந்ததுண்ணே. பாட்டு எல்லாருக்கும் பொதுதானே,” என்றார் கடைக்காரர்.

“பொதுன்னா அதுல ஏன் ஒங்க கடைப் பேரு?”

“இல்லாட்டி மத்த கடைக்காரங்க திருடிருவாங்கண்ணே.”

யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்தவன் நான். வாய் சும்மா இருக்கவில்லை. “பதிப்புரிமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் வழக்குப் போடலாம்,” என்றேன்.

“வழக்கெல்லாம் வேணாங்க சேர். ரதி அழுவுறப்ப நாங்க யாரும் குறுக்க பேசமாட்டோம். அந்த எடத்துல மட்டும் பேச வேணாம்னு சொல்லுங்க.”

கடைக்காரர் அடுத்த பாட்டைப் போட்டார். கூத்துப் பாடுகிறவர் கடையிலிருந்து இறங்கி மழையில் நடந்தார்.

அதன்பிறகு அந்தப் பாட்டை நானும் ஏற்றிக்கொண்டேன். இன்றைக்கும் கேட்கிறேன். அவருடைய பெயரை நான் கேட்கவேயில்லை. கடையின் பெயர் மறக்கவில்லை. ரதி அழும்போதெல்லாம் வருகிறது.