பொட்டு வைத்த இஞ்சின்

மகளுக்கு இளைப்பு கூடினால் ஜன்னலைச் சாத்துவேன். சாத்தினால் புழுக்கம், திறந்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எண்ணூரை விட்டுப் போனால் தேறுவாள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, மெக்கானிக்கான என் கணவரிடம் ஒரே பதில்தான்: "இந்த வண்டி முடியட்டும், பூடலாம்."

வண்டி என்பது எங்கள் ஷெட்டில் நிற்கும் பழைய அமெரிக்க மசில் கார். நீண்ட மூக்கு, இரண்டே கதவுகள். எப்போதோ கப்பலில் வந்தது. அது குடிக்கும் பெட்ரோலுக்கு ஈடுகொடுக்க முடியாமல், யாரோ அதன் எட்டு சிலிண்டர் இஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு டீசல் இஞ்சினை வைத்துவிட்டார்கள். இப்போதைய உரிமையாளருக்குத் தாம்பரம் பக்கம் பெரிய ஷெட் இருக்கிறது. கழற்றி விற்ற அதே இஞ்சினைத் தேடிப் பொருத்திக் காரைத் தந்தால் அந்த ஷெட்டில் வேலையும், தங்க வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார். அதே ரகம் போதாது. பாடியில் வெட்டியிருக்கும் நம்பர் இஞ்சினிலும் இருக்க வேண்டும்; அப்போதுதான் அசல் கார் என்று மதிப்பு.

டோல்கேட் பக்கம் பழைய இரும்புக் கடைகளிலும் மூலக்கொத்தளத்துப் பட்டறைகளிலும் தேடித் தோற்றபின், அன்று இஞ்சினை விற்றவரே அகப்பட்டார். நெட்டுக்குப்பத்தில் படகுகளைக் கரைக்கு இழுக்கும் மெஷினுக்குக் கொடுத்தாராம். மூவரும் போனோம். கடற்காற்று மகளுக்கு நல்லதா கெட்டதா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

மெஷினுக்குச் சொந்தக்கார அம்மா தார்ப்பாயை விலக்கினார்.

"ஓடி ரொம்ப வருசம் ஆவுது. ஆனா ஆயுத பூசைக்கு ஒருவாட்டி கூட வுட்டதில்ல. இன்னா நைனா, கும்பிடாம மொறைச்சிகினு கீற?"

கணவர் குனிந்து இஞ்சினின் முன்பக்கத்தைப் பார்த்தார். நம்பர் இருக்க வேண்டிய தட்டையான இடத்தில் மஞ்சளும் குங்குமமும் அடையாக அப்பியிருந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அடியில் இரும்பு வழவழவென்று இருந்தது.

"இங்க நம்பர் இருந்திருக்கணுமேக்கா?"

"இன்னாவோ கீறல் இருந்திச்சு. உப்பு ஏறி துருவா கக்கிகினே இருந்திச்சு, பொட்டு நிக்கல. எங்கூட்டுக்காரருதான் கிரைண்டர் போட்டு தேச்சுக் குடுத்தாரு. சாமிக்குப் பொட்டு வைக்கிற எடம், கலீஜா கெடக்கலாமா?"

கணவர் இஞ்சினைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். மற்ற இடங்களில் வார்ப்பிலேயே வந்த எண்கள் இருந்தன. அவை ரகத்தை மட்டுமே சொல்லும்.

"அய்ய, இதுக்கா மூஞ்சி தொங்கிப்போச்சு? உளி வச்சு நீயே தட்டிக்க. யாரு இஸ்கூல் வாத்தியாரா வந்து திருத்தப் போறாங்க?"

"லென்ஸ் வச்சுப் பாப்பாங்கக்கா. பொய்னு தெரிஞ்சா காரே போச்சு."

தட்டிவிடுங்களேன் என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

அந்த அம்மா குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, துடைத்த இடத்தில் புதிதாகப் பொட்டு வைத்தார். விரலில் மிச்சமிருந்ததை மகளின் நெற்றியில் இட்டார். "நல்லா இரு கண்ணு."

திரும்பும்போது பைக்கில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்: "அப்பா, கார் ஓடுமா?"

"ஓடும்மா."

அதன்பின் வழக்கமாக வரும் 'பூடலாம்' என்ற வார்த்தைக்குக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சாம்பல் லாரிகளின் பின்னால் ஊர்ந்தபடி, அவள் முதுகில் கைவைத்து, உள்ளே இரைவதைக் கவனித்துக்கொண்டே வீடு வந்தேன்.