டைல்ஸுக்குப் பின்னால் இருந்த கல்

பங்கு மக்களே, நான் ஜெசிந்தா. ஆவடிக்கு மேற்கே, மூடிப்போன கல்குவாரி ஓரத்தில் நிற்கும் நம் அந்தோணியார் கோயிலின் பேரவைச் செயலாளர். போன புரட்டாசியில் வருவாய்த் துறைக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். குவாரி நிலத்தில் கோயில் ஆக்கிரமிப்பாம். பழைய கோயில் என்றால் கிறிஸ்துமஸுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் இடிப்பார்களாம்.

குவாரித் தொழிலாளர்கள் கட்டிய கோயில் என்று ஊருக்கே தெரியும். வெடி வைக்கும்போது பெண்களும் பிள்ளைகளும் ஒதுங்கி நின்று ஜெபமாலை சொன்ன இடத்திலேயே கட்டினார்கள். ஆனால் காகிதம்? குவாரி ஆபீஸே இன்று இல்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. தாலுகா அலுவலகத்துக்கு நாயாய் அலைந்தேன். "வாய்ப்பேச்செல்லாம் எடுபடாதும்மா" என்றார் அங்கிருந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பது செவ்வாய் நவநாள் வேண்டிக்கொண்டேன். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர்தானே அந்தோணியார்? எட்டு செவ்வாய் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது செவ்வாய், விடாத மழையில் பீடத்துப் பக்கச் சுவர் ஊறி, டைல்ஸ் மொத்தமும் பெயர்ந்து விழுந்தது. கீறலும் அழுக்குமாகச் சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று, ஒரு திருவிழாவுக்கு முன் அடம்பிடித்து நான் ஒட்டவைத்த டைல்ஸ். அந்தோணியார் சுரூபத்தின் முன் நின்று அழுதேன்.

"ஆதாரம் கேட்டா ஒடஞ்ச டைல்ஸையா குடுப்பே? உனக்கே இது நல்லா கீதா?" என்று கத்தினேன்.

சில்லுகளை அள்ள வந்த சவரிமுத்து அண்ணன், குவாரியில் கல் உடைத்தவர், கூடையைக் கீழே போட்டார்.

"இன்னாம்மா ஜெசிந்தா, அழுதுகினு கீறே? இங்க பாரு, எங்க ஆளுங்க குறி!"

ஒவ்வொரு கல்லிலும் உளியால் செதுக்கிய குறி. ஒன்றில் மீன், ஒன்றில் ஏணி. சனிக்கிழமை உடைக்கும் முதல் கல்லை, ஒவ்வொரு தொழிலாளர் கூட்டமும் தன் குறி போட்டுக் கோயிலுக்குக் கொடுப்பது வழக்கமாம்; டைல்ஸ் மறைத்தபின் அவரே மறந்துவிட்டாராம். மூலைக்கல்லில் ஒரு சிலுவை. அதன் கீழே வருடம், சுதந்திரத்துக்கு முந்தைய வருடம்.

நிலம் அளக்க வருவாய்த் துறை அனுப்பிய சர்வேயர் தடவிப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இடிப்பு இல்லை என்று கடிதம் வந்தது.

அந்தச் சுவரில் இனி சுண்ணாம்புகூட அடிக்க விடமாட்டேன். எனக்கு வாய் அதிகம், பொறுமை குறைவு. இன்றும் அப்படித்தான். ஆனால் பதில் இப்படித்தான் வரவேண்டும் என்று இறைவனை அதட்டுவதை நிறுத்திவிட்டேன். உங்களுக்கும் கோபமா? கோபத்தோடேயே வந்து முழந்தாளிடுங்கள். ஆதாரத்தை மூடிவைத்ததே நான்தான். அதற்கும் சேர்த்து என்னைப் பொறுத்துக்கொண்டாரே, அவருக்கு நன்றி.