மவுத்பீஸை நடந்து பார்த்து வாங்கினேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மேலுதடு வீங்கி வீட்டுக்கு வந்தேன். குளவி கொட்டவில்லை. மார்ச்சிங் பேண்டில் சேர்ந்திருக்கிறேன்!

கிள்ளானில் நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் பேண்ட் அது. எனக்கு வயது நாற்பத்தெட்டு. வாத்தியம்? உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு மாதிரி வளைந்து, தலைக்கு மேல் வாயைப் பிளக்கும் சூசஃபோன். பித்தளைக் குடும்பத்தின் அடித்தொண்டைக்காரர்.

உதட்டை வைத்து ஊதும் கிண்ணம்தான் மவுத்பீஸ். என்னுடையது நல்ல அகலம், நல்ல ஆழம். உட்கார்ந்து ஊதினால்... ஆஹா, சத்தம் நெய்யாக இறங்கும். எழுந்து நடந்தேனா – போச்சு! காலடிக்குக் காலடி உதட்டில் ஒரு குத்து. பாதித் திடலைத் தாண்டுவதற்குள் மூச்சு காலி. வெயிலில் உலோகம் வேறு தோசைக்கல்லாகக் கொதித்தது.

பேண்டை நடத்தும் தினேஷ், பள்ளியில் எனக்குப் பல வருடம் ஜூனியர். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. விளையாட்டு விழாவுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. அடுத்த பிராக்டிஸும் இப்படின்னா... நீங்க கொடி பிடிச்சிருங்க லா."

கொடியா? நானா?

மறுநாளே வேறு மவுத்பீஸ் வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். காரின் பின்சீட் முழுக்க வாத்தியம். அதன் அகன்ற வாய் மட்டும் தனியாக, முன்சீட்டில் என் வீட்டுக்காரர் மடியில்.

இசைக்கருவிக் கடை அங்கிள் மூன்று மவுத்பீஸ்களை எடுத்து வைத்தார். "ஊதிப் பாருங்கம்மா."

"நடந்துகிட்டே ஊதணும் அங்கிள்."

கண்ணாடி அலமாரிகளைப் பார்த்தார். என் வாத்தியத்தைப் பார்த்தார். "அப்ப வெளிய போயிருங்கம்மா, பிளீஸ்!"

போனேன். நடைபாதையில் லெஃப்ட், ரைட்! முதலாவது பளபளப்பு, ஆனால் விளிம்பு கூர்மை, உதடு அலறியது. இரண்டாவது ரொம்பச் சின்னது. சூசஃபோன் ஸ்கூட்டர் ஹாரன் ஆகிவிட்டது. மூன்றாவது பிளாஸ்டிக். அதுவும் கத்தரிப்பூ நிறம்! எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் எடையே இல்லை. உருண்டை விளிம்பு உதட்டில் மெத்தென்று உட்கார்ந்தது. ஆழம் கொஞ்சம் குறைவு, அதனால் மூச்சும் நின்று பேசியது. பூமாலைக் கடை வரை போய்த் திரும்பினேன் – சத்தம் ஆடவேயில்லை! பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா கைதட்டினார். டாக்சிக்காரர் ஒருவர் என் தாளத்துக்கு ஹாரன் அடித்தார்.

"எல்லாரும் பாக்குறாங்க லா!" என்று வீட்டுக்காரர் நெளிந்தார்.

"பாக்கட்டும்ங்க! இதுதான்! இதேதான்!"

செருப்பு, வேலை, கொள்கை... எத்தனையை நாம் உட்கார்ந்தபடியே தேர்ந்தெடுக்கிறோம்? நடக்க ஆரம்பித்த பிறகல்லவா கடிக்கிறது!

விழா நாளில் வெயில் கொளுத்தியது. பிளாஸ்டிக் சுடவில்லை. உதடு ஓகே, மூச்சு ஓகே. தினேஷ் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். அந்தச் சந்தோஷத்தில் கண்ணை மூடிவிட்டேன்... பேண்ட் வலப்பக்கம் திரும்பியது. நான் நேரே போனேன். என்னை நம்பி நான்கு டிரம்காரர்களும் பின்னாலேயே!

கேன்டீன் வாசலில்தான் நின்றோம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது – ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை!