பொட்டுக்கு அடியில் வெள்ளைத் திட்டு

கோச்சடையில் குடியிருந்தபோது, ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் எனக்கு அரிப்பு வந்தது. சில வாரங்களில் தோல் வெளுத்துவிட்டது. வெண்குஷ்டமோ என்று நடுங்கிப்போனேன். தங்கைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே என்று, இன்னும் பெரிய பொட்டாக ஒட்டி மறைத்தேன். திட்டும் பெரிதானது.

ஒருநாள் நான் முகம் கழுவும்போது தங்கை பார்த்துவிட்டாள். "இம்புட்டு நாளா மறைச்சியா? கல்யாணம் கெடக்குது, கெளம்புக்கா!" என்று தோல் டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

"பொட்டுல உள்ள பசை ஒத்துக்கலம்மா. மறைக்க மறைக்க நீங்களேதான் வளர்த்திருக்கீங்க" என்றார் டாக்டர்.

தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மருந்து போட்டும் என் நெற்றியில் பழைய நிறம் முழுதாகத் திரும்பவில்லை. இப்போது வெறும் நெற்றியோடுதான் விசேஷங்களுக்குப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்களிடம் திட்டைக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.